கர்னல் நாய்க்குப் பெருங்காய பிஸ்கோத்து

நாய் பிஸ்கோத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கலியாணசுந்தரம் அகப்பையின் நுனியில் அந்தப் பிஸ்கோத்தை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். அகப்பையின் பிடி போதாது என்று அதோடு ஒரு மூங்கில் கழியையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அப்படியும் அகப்பை ஒரு பக்கம் சாய்ந்தது. பிஸ்கோத்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நாய் ஓரடி பின்வாங்கியது. அவர் சமையலறை வரைக்கும் பின்வாங்கினார்.

"என்ன, கல்லு விழுந்த மாதிரி கேட்டுச்சு?" என்றாள் அவர் மனைவி ருக்மணி.

"நீ சுட்ட பிஸ்கோத்துதான்."

"ஊபி மாவுல வேற எப்படி வரும்? மைசூர்பாகு மாதிரி கரையுமா?"

மலாக்காவின் காஜா பேராங்கில் அப்போது எல்லாமே ஊபிதான். மரவள்ளிக் கிழங்கைக் காலையில் அவித்தார்கள், மத்தியானம் துருவினார்கள், மாலையில் வேறு ஏதாவது பெயர் வைத்துச் சாப்பிட்டார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசி கண்ணில் படுவதே அரிது. மனிதர்கள் மறுக்காமல் சாப்பிட்டார்கள். இந்த நாய் மட்டும் மறுத்தது.

மறுக்கும் தகுதி அதற்கு இருந்தது. அது கர்னல் நாய். ஜொகூர்ச் சண்டையின்போது ஒரு ரப்பர் தோட்டத்தில் கர்னல் கண்டெடுத்து வளர்த்ததாம். உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு. பெயரும் குரோ. ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று அர்த்தம். சுமத்ராவுக்குப் போகும்போது கர்னல் அதை மலாக்காவில் ஒரு கேப்டனிடம் விட்டுப் போயிருந்தார். இப்போது திரும்பி வருகிறார். அதற்குள் நாய் 'ஓசுவாரி' என்றால் உட்கார வேண்டும்.

"முன்னெல்லாம் உட்கார்ந்துக்கிட்டுதான் இருந்துச்சாம். மலாக்கா வெயில்ல மறந்துபோச்சாம்," என்று சொல்லித்தான் தேவதாஸ் நாயைக் கொண்டுவந்து விட்டான். அவன் கேப்டனின் டிரைவர். ஜப்பானிய மொழியை ஊரில் முதலில் கற்றுக்கொண்டவன் என்பதால் கேப்டனின் வாயும் அவன்தான்.

"தம்பி, என்னை ஏன்பா கேக்குறாங்க?"

"நாய் தெரிஞ்ச ஆளு யாருன்னு கேட்டாங்க. காஜா பேராங் முழுக்க உங்க வீட்டைத்தான் காட்டுது, கிராணி ஐயா."

அதில் ஊரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கலியாணசுந்தரம் நகராட்சியில் நாய் லைசென்ஸ் கொடுக்கும் குமாஸ்தா. ஊரில் அவருக்கு நாய்க் கிராணி என்றே பெயர். ஆனால் நாய்கள் எல்லாம் வெளியே நின்றன. இவர் கம்பி போட்ட சன்னலுக்குப் பின்னால் இருந்து பித்தளை வில்லையை மட்டும் நீட்டினார். அத்தனை வருட வேலையில் அவர் ஒரு நாயையும் தொட்டதில்லை. அந்த வேலையை அவர் விரும்பியதற்கே அந்தக் கம்பிதான் காரணம்.

"உட்காராட்டி என்ன செய்வாங்களாம்?"

தேவதாஸ் காரில் இருந்த கேப்டனிடம் கேட்டுவிட்டுத் திரும்பினான். "உட்காராட்டி நீங்க ரயில் ஏறணுமாம்."

ரயில் என்றால் சயாம், ஜப்பான்காரன் அங்கே போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலை. காஜா பேராங்கிலிருந்து அந்த ரயிலில் ஏறியவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பி வரவில்லை.

போகும்போது தேவதாஸ் சில உத்தரவுகளைச் சொன்னான். நாயைக் குளிப்பாட்டக் கூடாது, சளி பிடிக்கும். வாரம் ஒரு முறை அவனே வந்து நகம் பார்த்துவிட்டுப் போவான். "அப்புறம் ஒண்ணு ஐயா. இது கர்னல் சொத்து. குனிஞ்சு கும்பிட்டுட்டுத்தான் கிட்டப் போகணும்."

அவன் சிரிக்காமல் சொன்னான். அந்த நாட்களில் எது வேடிக்கை, எது உத்தரவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் யாருக்கும் இல்லை. கலியாணசுந்தரம் அன்று முதல் நாயைப் பார்த்தபோதெல்லாம் இடுப்பு வரை வளைந்து வணங்கினார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் "ஓசுவாரி" என்றார். பிறகு அகப்பையை நீட்டினார்.

நாய் நின்றுகொண்டே இருந்தது.

"கருவாடு கொஞ்சம் பொடிச்சுப் போட்டா திங்கும்," என்றார் அவர்.

"இந்த வீட்டு அடுப்புல இதுவரைக்கும் முட்டைகூட ஏறினதில்லை. கர்னல் நாய்க்காகக் கருவாடு ஏறுமா?"

"நான் சயாமுக்குப் போனா இந்த அடுப்புல எதுவுமே ஏறாது, ருக்கு."

ருக்மணி தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையை எடுத்து மாவில் கலந்தாள். நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. மறுநாள் குலா மலாக்காவைச் சீவிப் போட்டாள். நாய் அதை நக்கியது. பனைவெல்லம் பல்லில் ஒட்டிக்கொள்ள, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியது. அதன் பின்னாலேயே எறும்பு வந்தது. எறும்பு கடித்த நாய் ஊளையிட்டது. கர்னல் நாய் தன் வீட்டில் ஊளையிடுவதை யாராவது கேட்டால் என்ன ஆகும் என்று கலியாணசுந்தரம் கதவைச் சாத்தினார். நாயுடன் உள்ளே மாட்டிக்கொண்டது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

"தரையைப் பாருங்க," என்றாள் ருக்மணி. "போற இடமெல்லாம் கரியாக் கால் வைக்குது. அடுப்புக்கரியை மிதிச்சுட்டு வருது போல."

அன்று மாலை அவள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒரு பெருங்காயக் கட்டி. இந்தியாவிலிருந்து கப்பல் வந்த காலத்தில் வாங்கியது. பண்டிகை நாள் ரசத்துக்கு மட்டும் நகத்தால் சுரண்டிப் போடுவாள். யுத்தம் முடியும் வரை தாங்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"ருக்கு, அதையா?"

"ரசத்துக்கு வெச்சது. ரசம் குடிக்க ஆள் வேணுமில்ல?"

பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்து, ஊபி மாவில் ஊற்றிப் பிசைந்து, செம்பனை எண்ணெய் தடவிய தட்டில் சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி, தணலில் வாட்டினாள். அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் நாய் எழுந்துவிட்டது. மூக்கு தனியாக நடந்து வருவது போல் வந்தது.

கலியாணசுந்தரம் வளைந்து வணங்கினார். நிமிர்ந்தபோது நாய் உட்கார்ந்திருந்தது.

வேலை முடிந்தது என்று அன்று அவர் நினைத்தார்.

பெருங்காயத்துக்கு வேலி தெரியாது. மறுநாள் பக்கத்து வீட்டு நல்லையா வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"கிராணி, சாம்பார் மணக்குதே. பருப்பு எங்க கிடைச்சுச்சு?"

பருப்பைப் பதுக்கியவர் என்று ஒரு வாய் சொன்னால் போதும். வீட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். பருப்பு இல்லாவிட்டால் எங்கே ஒளித்தாய் என்று கேட்பார்கள். எப்படிக் கேட்பார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"பருப்பெல்லாம் இல்லீங்க. நாய்க்குச் சுடுற பிஸ்கோத்து. வேணும்னா பாருங்க."

நல்லையா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார்.

"பருப்பு இல்லேங்கிறீங்க. சரி, நம்பிட்டேன்," என்றார், நம்பாத குரலில். "இன்னொண்ணு குடுங்க."

மறுநாள் அவர் மனைவி வந்தாள். அதற்கு மறுநாள் அவர் மனைவியின் தங்கை வந்தாள். எல்லாரும் நாய் பிஸ்கோத்து கேட்டார்கள். எல்லாரும் பருப்பைப் பற்றித் தாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இதுக்கு மேல உள்ள சுட வேணாம்," என்றார் கலியாணசுந்தரம். "கொல்லைக் கோடிக்குப் போயிடுவோம். மணம் பின் சந்தோட போயிடும்."

அடுப்புக் கல்லைக் கொல்லைக் கோடிக்குத் தூக்கினார்கள். புகை போக வேண்டும் என்று பின் படலைத் திறந்து வைத்தார். யாராவது வருகிறார்களா என்று முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது ருக்மணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாய் உங்க கூட வந்துச்சா?"

"உன் கூட இல்லையா?"

இருவரும் திறந்திருந்த படலைப் பார்த்தார்கள். அப்போது மழை பிடித்தது. மலாக்கா மழை. லோங்காங் சாக்கடை நிறைந்து சந்தில் ஓடியது. கலியாணசுந்தரம் மழைக்குள்ளேயே ஓடினார். ஒவ்வொரு சந்திலும் வளைந்து வணங்கி, "குரோ, குரோ" என்று மெதுவாகக் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டால் நாய் தொலைந்தது தெரிந்துவிடும். மெதுவாகக் கூப்பிட்டால் நாய்க்குக் கேட்காது. நனைந்து திரும்பினார்.

ருக்மணி துண்டை நீட்டினாள். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கேப்டனுக்கு உங்களையும் நல்லையாவையும் பிரிச்சுத் தெரியுமா?"

"தெரியாது. போன தடவை நான்னு நெனச்சு நல்லையாவைப் பார்த்து ஓசுவாரின்னு சொல்லிட்டுப் போனார்."

"நம்மளையே பிரிச்சுத் தெரியாதவனுக்கு நாயை மட்டும் தெரியவா போகுது? கறுப்பா இன்னொண்ணு புடிச்சுட்டு வாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரு குற்றவாளியோடு குடித்தனம் நடத்தி வந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

மழை விட்டதும் சைக்கிளை எடுத்தார். டியூப் கிடைக்காததால் சக்கரத்தில் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தார். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தூக்கிப் போட்டது. மீன் இருக்கும் இடத்தில் நாய் இருக்கும் என்று தெங்கேரா மீன் சந்தைக்குப் போனார். பாசாரில் கூட்டம் கலைந்திருந்தது. பாக் சமாட் என்ற மலாய்க்காரரின் மீன் பலகைக்குக் கீழே ஒரு கறுப்பு நாய் நனைந்து படுத்திருந்தது. அதே அளவு. அதே காது.

நாய் எழுந்து நின்றது. வலது முன்கால் பாதம் வெள்ளை. காலுறை போட்டது போல் சுத்த வெள்ளை.

"இது யாருடைய நாய்?" என்று மலாயில் கேட்டார்.

"யாருடையதும் இல்லை. போகும், வரும்," என்றார் பாக் சமாட். "எடுத்துக்கொண்டு போங்கள். மீனாவது மிஞ்சட்டும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பெருங்காய பிஸ்கோத்தை எடுத்துத் தூரத்திலிருந்து வீசினார். நாய் அதைப் பாய்ந்து பிடித்தது. மீன் பாசாரில் வளர்ந்த நாய்க்குப் பெருங்காயம் பிடித்தது அவருக்கு வியப்பாக இருந்தது. ருக்மணியின் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டார். வழி நெடுக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். நாய் பின்னால் வந்தது.

முச்சந்தியில் ஜப்பானியக் காவல் சிப்பாய் நின்றான். கலியாணசுந்தரம் சைக்கிளை நிறுத்திவிட்டு இடுப்பு வரை வளைந்தார். சிப்பாய் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்துச் சிரித்தான். திரும்பினார். நாயும் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

இந்த ஊரில் தெருநாய்க்கும் பயம் வந்துவிட்டது என்று நினைத்தபடி சைக்கிளைத் தள்ளினார்.

வீட்டில் ருக்மணி நாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஏங்க, இது அதே நாய் மாதிரியே இருக்கே."

"காலைப் பாரு."

பார்த்தாள். "ஆமா. இது வேற." கொஞ்சம் யோசித்தாள். "தேவதாஸ் நகம் பாக்க எப்ப வருவான்?"

"நாளன்னிக்கு. முதல்ல காலைத்தான் பார்ப்பான்."

அவள் அகல் விளக்கை ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் புகை பிடித்தாள். படிந்த கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்தாள். அவள் கண்ணுக்கு இடும் மை. கலியாணசுந்தரம் அகப்பையால் பிஸ்கோத்தை நீட்டி நாயின் கவனத்தைத் திருப்ப, அவள் பாதத்தில் பூசினாள். நன்றாகத்தான் இருந்தது. நாய் குனிந்து பாதத்தை நக்கியது. தேங்காயெண்ணெய் அதற்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பாதம் வெள்ளையாகவும் நாக்கு கறுப்பாகவும் இருந்தது.

"இப்ப ரெண்டுக்கும் பதில் சொல்லணும்," என்றார் அவர்.

ருக்மணி மருந்துப் பெட்டியைத் திறந்து கடுக்காய் எடுத்தாள். தட்டி, துருப்பிடித்த இரும்புச் சட்டியில் போட்டு, சுண்டக் காய்ச்சினாள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்புத் துருவும் சேர்ந்தால் உண்டாகும் கறுப்பு எளிதில் தண்ணீருக்கு அசையாது. அந்த இரசாயனம் அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா நரைக்கு இதைப் பூசிக்கொண்டு ஐம்பது வயது வரை இளமையாக இருந்தாள் என்பது தெரியும்.

சாயம் பிடித்தது. நாய் ஒரு முறை நக்கிப் பார்த்தது. துவர்ப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்தது. பிறகு நக்கவில்லை. ஆனால் காய்ந்த சாயம் தோலை இழுத்தது போலும். உட்கார்ந்தவுடன் அந்தக் காலைத் தரையில் வைக்காமல் மேலே தூக்கிக்கொண்டது. எத்தனை முறை கீழே வைத்தாலும் மறுபடி தூக்கிக்கொண்டது.

"வெள்ளைக் கால் போச்சு. இப்ப நொண்டிக் கால்," என்றார் கலியாணசுந்தரம்.

"கறுப்பு நொண்டிக் காலு. ஒரு படி தேவலை."

மறுநாள் முழுவதும் பழக்கினார். வணங்கினார், ஓசுவாரி என்றார், பிஸ்கோத்து கொடுத்தார். இந்த நாய் முந்தியதைவிடக் கெட்டிக்காரி. முதல் வணக்கத்துக்கே உட்கார்ந்தது. அதைப் பார்த்தும் அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. முந்தியது எங்கே அலைகிறதோ, யார் கையில் சிக்குமோ, நான்தான் கர்னல் நாய் என்று எந்த வாசலில் போய் நிற்குமோ என்று பயந்துகொண்டே இருந்தார்.

தேவதாஸ் வந்தான். வழக்கம் போல் நாயைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நகம் பார்க்க ஏன் காருக்குப் பின்னால் போக வேண்டும் என்று கலியாணசுந்தரம் கேட்டதில்லை. ஜப்பான்காரன் கார் நிற்கும் பக்கம் அவர் எதையும் கேட்பதில்லை.

அன்று அவன் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நகம் எல்லாம் சரியா இருக்கா தம்பி?"

"நகம் இருக்கு," என்றான். காரை எடுத்துக்கொண்டு போனான்.

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் கலியாணசுந்தரம்.

"நகம் இருக்குன்னுதானே சொன்னான்."

"எப்படிச் சொன்னான்னு நீ பாக்கல."

மறுநாள் கேப்டனே வந்தார். கத்தி தொடையில் தட்ட, வாசலில் நின்று நாயைப் பார்த்து, "ஓசுவாரி" என்றார். அதட்டல் அல்ல, உத்தரவு. நாய் நின்றது. மறுபடி சொன்னார். நாய் திரும்பிக் கலியாணசுந்தரத்தைப் பார்த்தது.

கலியாணசுந்தரத்துக்கு ரயில் சத்தம் காதிலேயே கேட்டது. மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லாமல் இடுப்பு வரை வளைந்தார். நாய் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாய் கற்றது ஓசுவாரியை அல்ல. அந்த வார்த்தை அதன் காதில் ஒரு நாளும் சரியாக விழுந்ததே இல்லை. யாராவது குனிந்தால் உட்கார வேண்டும் என்பதைத்தான் அது கற்றிருந்தது. கேப்டன் யாருக்காகக் குனியப்போகிறார்? நாய்க்கா?

கேப்டனுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. அவர் நாயின் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். பாதத்தைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. கைக்குட்டையில் எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். கைக்குட்டையும் சுத்தமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து கலியாணசுந்தரத்தை வெகு நேரம் பார்த்தார்.

தேவதாஸிடம் ஏதோ சொன்னார்.

"நாளைக்குக் காலையில கர்னல் வர்றாரு," என்றான் தேவதாஸ். "நாயோட நீங்களும் பங்களாவுக்கு வரணுமாம்."

"நான் எதுக்கு?"

"எனக்குச் சொல்லல ஐயா."

அன்று ருக்மணி ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது. டப்பாவில் மிச்சமிருந்த பெருங்காயத்தை எல்லாம் சுரண்டிப் போட்டுப் பிஸ்கோத்து சுட்டாள். காலையில் ஒரு துணியில் முடிந்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"இவ்வளவு எதுக்கு? நாய் இத்தனை தின்னாது."

"நாய்க்கு வேணாம்னா உங்களுக்கு ஆகும். ரயில்ல என்ன குடுப்பாங்களோ." சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

காரின் பின் இருக்கையில் நாய் அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான், தான் அதன் காதைத் தடவிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். மற்ற பயங்கள் எல்லாம் சேர்ந்ததில் நாய்ப் பயம் உட்கார இடமில்லாமல் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

கடற்கரைப் பங்களாவின் முன்னால் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். கேப்டன் நாயின் கயிற்றைப் பிடித்து முன்னால் நின்றார். அவர் அதைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். கோபம் என்று கலியாணசுந்தரம் நினைத்தார். அவர் வேலியோரம் சிப்பாய்களுக்குப் பின்னால் நின்றார். வேலிக்கு அப்பால் ரயில் எதுவும் தெரியவில்லை. லாரி ஒன்று நின்றது.

கர்னலின் கார் வந்தது. கண்ணாடி போட்ட, குட்டையான, வயதான மனிதர் இறங்கினார். யாரோ உரக்கக் கத்தினார்கள். எல்லாரும் ஒன்றாக இடுப்பு வரை வளைந்தார்கள். கேப்டனும் வளைந்தார்.

நாய் உட்கார்ந்தது. வலது முன்காலை மேலே தூக்கிக்கொண்டது.

கர்னல் நின்றுவிட்டார். யாரும் நிமிரவில்லை. கர்னல் மெதுவாக நடந்து வந்து நாயின் முன்னால் குனிந்தார். ஏதோ கேட்டார். தேவதாஸ் வேலிப் பக்கம் ஒதுங்கி, உதடு அசையாமல் சொன்னான்: "காலைத் தூக்கறது இதுக்கு முன்ன தெரியாதாம். யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாரு."

எல்லாத் தலைகளும் வேலியோரம் திரும்பின. கலியாணசுந்தரம் பதிலாக இடுப்பு வரை வளைந்தார். உட்கார்ந்திருந்த நாய் எழுந்து, அவரைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது.

கர்னல் தூக்கிய காலைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் பாதத்தைத் தடவினார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. கலியாணசுந்தரத்தால் பார்க்க முடியவில்லை. பார்வையை நகர்த்தியபோது கேப்டனின் முகம் தெரிந்தது. கேப்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. இவர்களுக்கு இது பிரார்த்தனை நேரம் போலிருக்கிறது என்று நினைத்துக் கலியாணசுந்தரமும் கண்ணை மூடிக்கொண்டார்.

கர்னல் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இளைச்சுருக்காம், ஆனா இப்ப ரொம்ப மரியாதை தெரியுதாம்," என்று தேவதாஸ் மொழிபெயர்த்தான். "உங்களை மலாக்காவிலேயே வெச்சுக்கணும்னு உத்தரவு. பையில என்ன வாசனைன்னு கேக்குறாரு."

கலியாணசுந்தரம் முடிச்சை அப்படியே நீட்டினார். கர்னல் ஒன்றை எடுத்து முகர்ந்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நாய்க்குக் கொடுத்தார். நாய் அவர் கையையும் சேர்த்து நக்கியது. கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கேப்டன் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

தேவதாஸ் அவரைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். காஜா பேராங்கில், வீட்டுக்குச் சற்று முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான். முன்னும் பின்னும் பார்த்தான். தெருவில் ஆள் இல்லை.

கலியாணசுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. கர்னல் முன்னால் கேட்க முடியாததை இங்கே கேட்கப் போகிறார்கள். கர்னலுக்குத் தெரியாமல் போகலாம். கேப்டனுக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும். ருக்மணி வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. கையில் துடைப்பத்தைப் பிடித்திருந்தாள். கூட்டுவதற்கா, வேறெதற்கா என்று சொல்ல முடியவில்லை.

"தம்பி," என்றார். "எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லிடு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான்தான்."

தேவதாஸ் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழைய தகர டப்பியை எடுத்து மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே கறுப்பாக ஏதோ அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அசல் கர்னல் நாய் எங்ககிட்டேயே தொலைஞ்ச அன்னிக்குத் தெங்கேராவுல இந்த நாயைப் புடிச்சு வந்து, வெள்ளைக் கால்ல நாங்க அடிச்ச பூட்ஸ் பாலிஷ் ஒரு வாரம்கூடத் தாங்கல ஐயா," என்றான் தேவதாஸ், "நீங்க எதைப் பூசினீங்கன்னு கேப்டன் கேட்டுட்டு வரச் சொன்னாரு."